ஆறு கால் புனிதர்

சின்னத் தீவிலுள்ள ஆயின்பஹர் ஊரின் காவல் நிலையத்தில் லாக்கப் ஒன்றே ஒன்றுதான். அதிலும் கைதிக்குக் கிடைத்த இடம் கொஞ்சம். மீதியை நீலக் கட்சியின் பேண்டு வாத்தியங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. திருவிழா நாளில் வாத்தியங்களை வேறெங்கும் வைக்க முடியாது, சிவப்புக் கட்சிக்காரர்கள் உள்ளே வெங்காயம் போட்டுவிடுவார்கள் என்று சார்ஜென்ட் துமிங்கு விளக்கம் சொன்னார். சார்ஜென்ட் நீலக் கட்சியில் டியூபா என்ற பெரிய ஊதுவாத்தியம் வாசிப்பவர். இந்த வழக்கை அவர் எந்த அளவுக்கு நடுநிலையோடு விசாரித்திருப்பார் என்பதைத் துப்பறிய வந்திருந்த வென்ஸு அப்போதே கணக்குப் போட்டுவிட்டான்.

இரண்டு டிரம்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான் விஸ்டின் ரெஃபாலோ. வெயிலில் காய்ந்த முகம், தூங்காத கண். ஊரில் சுற்றுலாக்காரர்களுக்கு ஆழ்கடல் முக்குளிப்பு கற்றுக்கொடுக்கிறவன். அவன் கைகள் டிரம் மாட்டும் தோல் வாரால் கட்டப்பட்டிருந்தன.

“விலங்கு இல்லையா?” என்று கேட்டார் வென்ஸுவின் முதலாளியம்மா சின்யோரா ஸெராஃபா.

“இருக்கு. சாவிதான் போன திருவிழாவுல தொலைஞ்சுபோச்சு” என்றார் சார்ஜென்ட்.

“அப்போ விலங்கு கைதியைவிட பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க” என்றான் வென்ஸு.

சார்ஜென்ட் அவனை மேலும் கீழும் பார்த்தார். “பெரிய தீவு ஆளா நீ?”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“வாய்.”

சின்யோரா டொலோர்ஸ் ஸெராஃபா ஒரு காலத்தில் துறைமுகப் போலீஸில் முக்குளிப்பவராக இருந்தவர். மேலதிகாரியின் மைத்துனன் படகில் கடத்தல் சிகரெட்டைக் கண்டுபிடித்த கையோடு வேலையை விட்டார், அல்லது வேலை அவரை விட்டது. இப்போது பெரிய தீவின் தலைநகர் வல்லெட்டாவில் தனியார் துப்பறியும் அலுவலகம்; விஸ்டினின் மனைவி அழைத்துத்தான் இங்கே வந்திருந்தார். தரையில் கைத்தடி ஊன்றி, மூட்டை சுமந்த கழுதை போல மூச்சு வாங்கி நடப்பார். வென்ஸு மிகாலெஃப் அவருடைய உதவியாளன். காரோட்டுவது, காபி வாங்குவது, யாரும் கேட்காதபோது கிண்டலடிப்பது ஆகிய மூன்றும் அவன் பொறுப்பு. மூன்றாவதை மட்டும் சம்பளம் எதிர்பாராமல் செய்தான்.

ஊர்க் கதை சுருக்கமானது. ஒரு கோயில், இரண்டு கட்சி. நீலக் கட்சிக்குப் புனித யெர்மு, மாலுமிகளின் காவலர். சிவப்புக் கட்சிக்குப் புனித ரோக்கு, கொள்ளைநோயிலிருந்து காப்பவர். இரண்டு புனிதர்களும் சொர்க்கத்தில் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்களோ என்னவோ, கீழே இவர்கள் ஒரே கடையில் ரொட்டிகூட வாங்குவதில்லை. நீலத்துக்கு ஒரு பேக்கரி, சிவப்புக்கு ஒரு பேக்கரி. தப்பித் தவறி மாற்றி நுழைந்தவனை அவன் தெருவே ஒரு மாதிரி பார்க்கும்.

ஊரை ஒட்டிய மலையடிவாரத்தில் ஒரு கடல்குட்டை. அதிலிருந்து மலைக்கு அடியாகவே, நீரில் மூழ்கிய நீளமான பாறைக் குகைவழி ஒன்று வெளிக்கடலுக்குப் போகிறது. ஊர்க்காரர்கள் அதைத் தொண்டை என்பார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் நீலக் கட்சி அந்தத் தொண்டையின் நடுவே, சுவரிலுள்ள ஒரு மாடக்குழியில் புனித யெர்முவின் கல் சிலையை நிறுவியது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் பிஷப் கரையில் நின்று அதை ஆசீர்வதிப்பார். இந்த வருஷம் முதல்முறையாகத் தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவோடு உள்ளே இறங்கிச் சிலையைப் படம்பிடித்து, கோயில் சதுக்கத்தில் பெரிய திரையில் காட்டப் போகிறார்கள். அந்த நேரம் பார்த்து சிலை காணாமல் போய்விட்டது.

“நான் எடுக்கல சின்யோரா.” விஸ்டினின் குரல் கரகரத்தது. “சாயங்காலம் படகுல என்னை பெரிய தீவுக்கு அனுப்பிடுவாங்களாம். கோர்ட்டுக்குப் போயிட்டா என் லைசென்ஸ் போச்சு. அப்புறம் என் பொண்டாட்டி புள்ளைங்க எதை வெச்சு சாப்பிடும்? காலையிலேயே கடை கண்ணாடியை உடைச்சுட்டாங்க.”

“உன்மேல சந்தேகம் ஏன் வந்துச்சு?”

பதில் சார்ஜென்டிடமிருந்து வந்தது. “குகை வாசல்ல இவன் கடைப் பை கிடந்துச்சு. காத்தடைச்சு பாரம் தூக்குற பை. அதுவும் இல்லாம, தொண்டைக்குள்ள போறப்பல்லாம் இவன் எங்க புனிதரைப் பாத்து ஒரு சைகை காட்டுவான். கூடப் போன சுற்றுலாக்காரங்களே சொல்லிச் சிரிச்சிருக்காங்க.”

“என்ன சைகை?”

சார்ஜென்ட் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கையை முழங்கையில் மடக்கி முஷ்டியை விருட்டென்று உயர்த்திக் காட்டினார். குழந்தைகள் முன்னால் காட்டக்கூடாத சைகை. காட்டிவிட்டுச் சிலுவையும் போட்டுக்கொண்டார்.

“காட்டினேன்” என்றான் விஸ்டின், தலையை நிமிர்த்தி. “நாலு வருஷமா காட்டறேன். சிவப்புக்காரன் வேற என்ன செய்வான், முத்தமா குடுப்பான்? எங்க கிளப்புல அதுக்குக் கைதட்டுவாங்க. ஆனா திருடினதில்ல.”

“சிலை கையில என்ன வெச்சிருந்துச்சு?” என்று திடீரென்று கேட்டார் ஸெராஃபா.

விஸ்டின் திருதிருவென்று விழித்தான். “நான் எங்க அதோட மூஞ்சியைப் பாத்தேன்? சைகை காட்டுவேன், திரும்பிப்பேன். நீலக்காரன் சாமியை உத்துப் பாக்கறதே பாவம்.”

ஸெராஃபா தடியை ஊன்றி எழுந்தார். வெளியே வந்ததும், “பேத்தெடுக்க எங்க புடிக்கணும்னு தெரியணும். திருடினவன் அதை வருஷக்கணக்கா உத்துப் பாத்தவனா இருக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

நீலக் கட்சியின் கிளப் கோயிலுக்கு எதிரே இருந்தது. தலைவர் நீனு ஷிக்லூனா அவர்களை வரவேற்று உட்காரவைத்தார். அறுபது தாண்டிய ஒல்லி மனிதர். பேசும்போது சில வார்த்தைகள் உச்சத்துக்குப் போய்க் கீச்சிட்டு இறங்கும், அதனால் ஊரில் அவருக்குக் கிளாரினெட் என்று பட்டப்பெயர். பட்டப்பெயர் இல்லாதவனை அந்த ஊர் ஆள்கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

“என் புனிதரைக் கண்டுபிடிச்சுக் குடுங்க” என்றார் நீனு. கண் கலங்கியிருந்தது. “இளவயசுல நான் கப்பல் பட்டறையில தண்ணிக்கடி வேலை பாத்தவன். காது போனதுக்கப்புறம் விட்டுட்டேன். இல்லாட்டி நானே இறங்கித் தேடியிருப்பேன்.”

பஸ்தித்ஸி வந்தது. சுடச்சுட, பாலாடைக்கட்டி நிரப்பி, தொட்டால் உதிரும் பதத்தில். ஸெராஃபா கவனம் முழுவதும் தட்டுக்குப் போய்விட்டது. வென்ஸு சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிலையைக் கடலில் இறக்கிய நாளில் எடுத்தது. புனிதர் தலை முதல் கால் வரை பளபளவென்று நீலமடித்திருந்தார். கழுத்திலும் இடுப்பிலும் மாலைகள். ஒரு கையால் அங்கியைத் தொடைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

“தலைவரே, உங்க புனிதர் ஏன் அங்கியைத் தூக்கிப் புடிச்சிருக்காரு?”

நீனுவின் காபிக் கோப்பை ஒரு விநாடி அந்தரத்தில் நின்றது. “கடல்ல இறங்கறாரில்ல? மாலுமிகளைக் காப்பாத்த. அங்கி நனையக் கூடாதுல்ல.”

“கடலுக்கு அடியில வெக்கப்போற ஆளுக்கு நனையற கவலையா?”

“பெரிய தீவுக்காரங்களுக்குப் பக்தி புரியாது தம்பி.” குரல் கீச்சிட்டது.

ஸெராஃபா உதட்டைத் துடைத்துக்கொண்டார். “சிலை எங்க செஞ்சது?”

“சிசிலியில. பெரிய சிற்பிகிட்ட.”

“பேரு?”

“வயசாயிடுச்சு சின்யோரா. பேரெல்லாம் மறந்துபோகுது.”

கடல்குட்டைக் கரையில் இரண்டு காற்றுச் சிலிண்டர்கள் தயாராக இருந்தன. வென்ஸு ரப்பர் உடைக்குள் தன்னைத் திணித்துக்கொண்டிருந்தான். நீச்சல் தெரியும். முக்குளிப்பும் சின்யோராவின் பிடிவாதத்தில் கற்றுக்கொண்டதுதான். ஆனால் தலைக்கு மேல் ஆகாயத்துக்குப் பதில் ஒரு மலையே உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துக் காற்றுக் குழாயை மூன்றாம் முறையாகச் சரிபார்த்தான்.

“ஒரு தடவை சொல்லு” என்றார் ஸெராஃபா.

“மூச்சை அடக்கக் கூடாது. உங்க துடுப்புக்காலை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. செத்தா உங்ககிட்ட சொல்லிட்டு சாகணும்.”

“சைகை?”

வென்ஸு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

முழங்காலில் தடி விழுந்தது. “எத்தனை தடவைடா சொல்றது! கடலுக்குள்ள அதுக்கு ‘மேலே’ன்னு அர்த்தம். நல்லா இருக்கேன்னா இப்படி.” ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாக்கிக் காட்டினார். “அங்க நின்னுட்டு சந்தேகமெல்லாம் கேக்க முடியாது. ஒருத்தர் காட்டினா இன்னொருத்தர் நம்பணும், அவ்வளவுதான்.”

“சந்தோஷத்துல கை தானா தூக்குது சின்யோரா. எங்கம்மா வளர்ப்பு.”

“சந்தோஷப்படாதே.”

தண்ணீரில் இறங்கியதும் சின்யோரா ஸெராஃபா வேறு ஆளாகிவிட்டார். மூச்சுவாங்கலும் தடியும் கரையில் தங்கிவிட்டன. கால்துடுப்பை ஒருமுறை அசைத்தார், அவ்வளவுதான், வழுக்கிக்கொண்டு போனார். வென்ஸு பின்னாலேயே, இருமலும் நமைச்சலுமாக நீந்தினான். இத்தனை வருஷமாக இந்த அம்மாள் நிலத்தில் நடந்து கஷ்டப்பட்டதுதான் தப்பு என்று அவனுக்குத் தோன்றியது.

தொண்டை அவர்களை விழுங்கியது. பின்னால் குட்டையின் பச்சை வெளிச்சம் சுருங்கியது. முன்னால், வெகு தூரத்தில், வெளிக்கடலின் நீலம் ஒரு சாவித்துவாரம் அளவுக்குத் தெரிந்தது. அந்த நீலம் அத்தனை அழகாக இருந்ததால் வேறெங்கும் பார்க்கத் தோன்றவில்லை. இந்த வழியாகப் போகிற எல்லோரும் அதையேதான் பார்த்துக்கொண்டு போவார்கள் என்று வென்ஸு நினைத்தான். அவர்கள் விட்ட மூச்சுக் குமிழிகள் கூரையில் மோதி, உருக்கிய ஈயம் போலப் பளபளத்து உருண்டோடின.

நடுவழியில் மாடக்குழி வந்தது. பீடம் மட்டும் பாறையோடு பாறையாகச் சிமெண்டில் நின்றது. அதன்மேல் கணுக்காலோடு உடைந்த இரண்டு பாதங்கள். உடைந்த இடம் வெள்ளை வெளேரென்று புதிதாக இருந்தது. ஸெராஃபா விளக்கை அருகில் கொண்டுபோய், பாதங்களுக்குப் பக்கத்தில் காட்டினார். அங்கே இன்னும் நாலு திட்டுகள். சின்னது, வட்டமானது. யாரோ சிமெண்ட் பூசி மெழுகியிருந்தார்கள். பூசியதன்மேல் ஆரஞ்சு நிறப் பாசி தடிமனாகப் படர்ந்திருந்தது. பல வருஷத்துப் பாசி.

புனிதருக்கு மொத்தம் ஆறு கால் என்று வென்ஸு மனசுக்குள் எண்ணிச் சிரித்தான். சிரித்ததில் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது.

நாலில் ஒன்றில் மட்டும் சிமெண்ட் உதிர்ந்து கல் தெரிந்தது. வென்ஸு கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தான். வழவழப்பான சின்ன மேடு. மேட்டில் கோடுகள். கோடுகளின் முடிவில் குட்டி நகங்கள். விரல் அதை ஞாபகத்தில் வைத்திருந்தது. அம்மாவின் ஊரில் திருவிழாவுக்குத் திருவிழா மாமா அவனைத் தோளில் தூக்கி நிறுத்துவார், வரிசையில் நிற்கிற எல்லாக் குழந்தைகளையும் போல அவனும் கை நீட்டித் தொடுவான். நாயின் பாதம். வாயில் ரொட்டியோடு புனித ரோக்குவின் காலடியில் நிற்கிற நாயின் பாதம்!

நாய் வைத்திருக்கிற புனிதர் ரோக்குதான். அங்கியைத் தூக்கித் தொடையிலுள்ள கொள்ளைநோய்ப் புண்ணைக் காட்டுகிற புனிதரும் அவர்தான். இந்தத் தீவுகளில் பால்குடி மறந்த குழந்தைக்கும் அது தெரியும். நீலக் கட்சி நாலு வருஷமாகக் கும்பிட்டது சிவப்புக் கட்சியின் சாமியை!

சந்தோஷத்தில் வென்ஸுவுக்குத் தலைகால் புரியவில்லை. சின்யோராவின் தோளை உலுக்கினான். அவர் திரும்பினார். வென்ஸு, அம்மா வளர்த்த வளர்ப்பில், இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினான்.

மேலே.

ஸெராஃபா அவனை ஒரு கணம் முறைத்தார். குகைக்குள் மேலே என்றால் பாறைதான். ஆனால் காட்டியதை நம்ப வேண்டும் என்று சொன்னவரும் அவர்தானே. விளக்கைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

அந்த இடத்தில் கூரை இல்லை. பாறை ஒரு புகைபோக்கி போல மேலே குடைந்துகொண்டு போயிருந்தது. அவர்களுடைய குமிழிகளும் அங்கேதான் ஏறி மறைந்துகொண்டிருந்தன. அந்தக் குடைவுக்குள், காற்றடைத்த நாலைந்து பைகளைத் தோளில் கட்டிக்கொண்டு, உடைந்த கணுக்கால்கள் கீழே தொங்க, புனிதர் மிதந்துகொண்டிருந்தார்.

நீலச் சாயம் முழுக்கக் கடல் தின்றிருந்தது. தூக்கிய அங்கிக்குக் கீழே, தொடையில், செதுக்கிய புண் தெளிவாகத் தெரிந்தது.

கரைக்கு வந்து வாயிலிருந்த குழாயைத் துப்பியதும் வென்ஸு கத்தினான். “கண்டுபிடிச்சேன் சின்யோரா! நான் கண்டுபிடிச்சேன்!”

“நீ நாயைக் கண்டுபிடிச்சே. சாமியை உன் தப்பு கண்டுபிடிச்சுது.” அவர் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டார், நிலம் வந்துவிட்டதே. “போய் விஸ்டினையும் சார்ஜென்டையும் கிளப்புக்குக் கூட்டிட்டு வா. நீனுவைத் தவிர மத்தவங்களை வெளியே அனுப்பு.”

கிளப் கதவு சாத்தப்பட்டது. பெரிய படத்துக்குக் கீழே ஐந்து பேர். விஸ்டினின் கையில் இன்னும் டிரம் வார். உடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாமல் ஸெராஃபா உட்கார்ந்தார்.

“சிலை கிடைச்சிடுச்சு. குகையை விட்டு அது வெளியவே போகல. காத்துப் பைகளைக் கட்டிக்கிட்டு கூரையில மிதக்குது.”

சார்ஜென்ட் சிலுவை போட்டுக்கொண்டார். “பையெல்லாம் யாருது?”

“விஸ்டின் கடைது.”

“பாத்தீங்களா!” என்று சார்ஜென்ட் துள்ளினார்.

“உங்க ஊர்ல எந்தக் கொட்டகைக்குப் பூட்டு இருக்கு? யார் வேணா எடுக்கலாம். திருடறவன் சிலையை வெளிய கொண்டுபோவான். வித்துடுவான், இல்ல உடைப்பான். இவன் ஒளிச்சு வெச்சிருக்கான். திருவிழா முடியறவரைக்கும் யாரும் பாக்கக் கூடாது, ஆனா சேதமும் ஆகக் கூடாது. இது பகை இல்ல சார்ஜென்ட், பாசம். அதுவும் பாரத்தைத் தண்ணிக்குள்ள தூக்கத் தெரிஞ்ச, கப்பல் பட்டறைப் பாசம்.” அவர் நீனுவின் பக்கம் திரும்பினார். “பீடத்துல நாலு கால் தடம் பூசி மறைச்சிருக்கு. பூசினது மேல நாலு வருஷத்துப் பாசி. அப்படின்னா கடல்ல இறக்கறதுக்கு முன்னாடியே பூசினது. இறக்கினது யாரு?”

நீனு மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சொல்லுங்க தலைவரே. புனித யெர்மு எதுக்கு அங்கியைத் தூக்கிப் புடிச்சிருக்காரு?”

“நனையாம இருக்க...” குரல் கீச்சுக்கூடப் போகாமல் அடங்கிவிட்டது.

“அப்போ தொடையில புண்ணு எதுக்கு?”

சார்ஜென்ட் துமிங்கு படத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அதன் கீழே உட்கார்ந்து டியூபா வாசித்த மனிதர். இடுப்பு மாலை எங்கே முடிகிறது, அங்கி எங்கே தூக்கியிருக்கிறது என்று இன்றுதான் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். “நான் மூணு தடவை இதுக்கு முன்னாடி முட்டி போட்டிருக்கேன்” என்றார் ஈனமான குரலில்.

நீனு நாற்காலியில் சரிந்தார்.

“வசூல் பண்ணின காசுல முக்காவாசி வாணவேடிக்கையில போயிடுச்சு. அந்த வருஷம் சிவப்புக்காரங்களைவிட பெருசா வெடிக்கணும்னு எல்லாருந்தானே கேட்டீங்க? மிச்சத்துல சிசிலியில ஒரு மூடின கோயில்லருந்து இதுதான் கிடைச்சுது. நாயை அறுத்தேன். நீலம் அடிச்சேன். தண்ணிக்கடியில யார் பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன். போன வாரம் சுத்தம் பண்ண இறங்கினா சாயமே இல்ல, புண்ணு பல்லைக் காட்டுது. கேமரா வருது. பிஷப் வர்றாரு. நான் என்ன பண்ணுவேன்?”

“காது போச்சுன்னு சொன்னீங்களே?” என்றான் வென்ஸு.

“காது போனதால இறங்காம இருக்க முடியுமா? என் சாமி தம்பி அது.” சொன்னவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். யாருடைய சாமி என்று அவருக்கே குழப்பமாகிவிட்டது.

“என்னை உள்ள வெச்சப்ப வாயைத் தொறந்திருக்கலாமே நீனு!” விஸ்டின் கர்ஜித்தான். “உன்னை மாமான்னு கூப்பிடற புள்ளைங்களுக்குச் சோறு போடற கடை மேல கல்லு விழுந்துச்சே!”

“தொறக்கணும்னு ஒவ்வொரு நிமிஷமும் நெனச்சேன். தொறந்தா ஊரே சிரிக்கும்னு மூடிக்கிட்டேன். நான் கோழை விஸ்டின். வேற என்ன சொல்றது.” கிழவர் உண்மையாகவே அழுதார். வென்ஸுவுக்குக் கிண்டல் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது, அதை முழுங்கிக்கொண்டான்.

விஸ்டின் எழுந்தான். முகத்தில் இரத்தம் ஏறியது. “சிரிக்கட்டும்! இப்பவே எங்க கிளப்புக்குப் போறேன். நீலக்காரனுங்க நாலு வருஷம் எங்க ரோக்குவைக் கும்பிட்டானுங்கன்னு மணியடிச்சுச் சொல்றேன். நூறு வருஷத்துக்குத் தலை தூக்க மாட்டீங்க! எங்க ரோக்குவை, எங்க ரோக்குவைப் போய் நீங்க...”

அவன் நின்றுவிட்டான்.

விஸ்டின் தன் கட்டிய கைகளைப் பார்த்தான். முழங்கையைப் பார்த்தான். நாலு வருஷம், ஒவ்வொரு முறையும், பிசகாமல். அவன் முகத்திலிருந்த இரத்தம் வந்த வழியே இறங்கிப் போனது.

“எங்கப்பா என்னை ரோக்குவோட நாயைத் தொடத் தூக்கிவிடுவாரு” என்றான் மெதுவாக. பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஸெராஃபா எழுந்து அவன் கையிலிருந்த வாரை அவிழ்த்தார். “சாயங்காலம் நீனு மேடையேறிச் சொல்வாரு. சுத்தம் பண்ண இறங்கின நான்தான் சிலையை எடுத்தேன், பையைக் கேக்காம எடுத்தேன், விஸ்டின்மேல பழி விழுந்தப்ப பயந்துபோய்ப் பேசாம இருந்துட்டேன், மன்னிக்கணும்னு. இதுல ஒரு பொய்யும் கிடையாது. கண்ணாடிக் கதவும் அவரே போட்டுக் குடுப்பாரு. அதுக்கு மேல சொல்றதா வேணாமான்னு முடிவு பண்றது விஸ்டின் பாடு.”

விஸ்டின் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான். “சிலையைத் திரும்ப வெக்க யார் இறங்கறது?”

“உன்னைவிட்டா யாருக்கு இங்க தெரியும்?”

“மாலை பெருசா வேணும்” என்றான் விஸ்டின். “இடுப்புக்கு.”

சாயங்காலம் கோயில் சதுக்கம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கம் நீலக் கொடிகள், இடப்பக்கம் சிவப்புக் கொடிகள். பிஷப் வந்த நாளென்பதால் ஒருவர் தாயாரை ஒருவர் திட்டுவது மட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. நீனு ஷிக்லூனா மேடையேறிச் சொல்ல வேண்டியதைச் சொன்னார், கீச்சிடாமல் சொன்னார். முதலில் முணுமுணுப்பு. பிறகு நீலப் பக்கத்திலேயே ஒரு பெண், “கல்லெறிஞ்சது என் மகன்தான், நாளைக்கு அவனைக் கூட்டிட்டு வரேன்” என்று விஸ்டினின் மனைவியிடம் வந்து சொன்னாள். விஸ்டினின் மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

இனி ஒருதரம் தொண்டைக்குள் இறங்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்த வென்ஸு, சிவப்புக் கூட்டத்தின் ஓரத்தில் சின்யோராவோடு நின்றான். அவர் கையில் பஸ்தித்ஸிப் பொட்டலம்.

திரை உயிர்பெற்றது. இருட்டு, குமிழிகள், விளக்கு வெளிச்சம். மாடக்குழியில் புனிதர் நின்றார், கழுத்திலும் இடுப்பிலும் பெரிய பெரிய நீல மாலைகளோடு. கணுக்காலில்கூட மாலை. நீலக் கூட்டம் “விவா யெர்மு!” என்று முழங்கியது, கிழவிகள் அழுதார்கள். சிவப்புக் கூட்டம் ஊளையிட்டது. வென்ஸுவுக்குப் பக்கத்திலிருந்த ரோக்கு பக்தர் ஒருவர், பிஷப் கண்ணில் படாதபடி தொப்பியால் மறைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து முழங்கையை மடக்கி முஷ்டியை உயர்த்தினார். சார்ஜென்ட் துமிங்கு டியூபாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

திரையில் விஸ்டின் வந்தான். சிலைக்கு முன்னால் அசையாமல் மிதந்தான்.

“இப்பப் பாருங்கடா!” என்று இடப்பக்கம் குதூகலித்தது. “காட்டு விஸ்டின்! பிஷப்புக்கு முன்னாடியே காட்டு!”

பழக்கம் பொல்லாதது. விஸ்டினின் கை மெல்ல உயர்ந்தது. முழங்கை மடங்கியது. இடப்பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கை பாதியில் நின்றது. முஷ்டி விரிந்தது. விரல்கள் நெற்றிக்குப் போயின, நெஞ்சுக்கு வந்தன, இடத்தோளுக்கும் வலத்தோளுக்கும் போயின. சிலுவை போட்டவன் குனிந்து, மாலையை விலக்கி, பீடத்தில் பாதங்களுக்குப் பக்கத்தில் எதையோ விரலால் தொட்டான். தொட்ட விரலை உதட்டில் வைக்க முடியாமல், வாயில் குழாய் இருந்ததால், முகமூடிக் கண்ணாடியில் ஒற்றிக்கொண்டான்.

பிறகு வலப்பக்கம் கைதட்டியது, பைத்தியம் பிடித்த மாதிரி. இடப்பக்கம் ஒருவர்கூடக் கையை அசைக்கவில்லை. விஸ்டினின் மனைவி ஒருத்திதான், அவர்களுக்கு நடுவே தனியாக நின்று, தானும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவன் செய்ததால் செய்தாள்.

“கட்சி மாறிட்டான் துரோகி!” என்றார் பக்கத்திலிருந்த ரோக்கு பக்தர். “காட்டிக் குடுத்துட்டான் நம்ம சாமியை! நாளைக்கு நம்ம பேக்கரி வாசல்ல கால் வெக்கட்டும், பாக்கறேன்.”

வென்ஸு வாயைத் திறந்தான்.

சின்யோரா ஸெராஃபா ஒரு முழு பஸ்தித்ஸியை அதில் வைத்து அடைத்தார்.